சங்கத்து மின்னஞ்சல் சங்கத்தின் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல், அதற்கு அடுத்தது விளம்பரப் பக்கம். வேலை வெற்றிடம், விலைமனு கோரல், பொதுக்கூட்ட அறிவித்தல் என்று வருகிறவற்றின் அடியில் போட்டிருக்கும் மின்னஞ்சல் முகவரிகளைக் கொஞ்ச நாளாகவே கவனித்து வருகிறேன். சங்கம், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, சின்னக் கம்பனிகள், எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஜிமெயில்தான். அதிலும் பலவற்றில் சங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பிறந்த ஆண்டு மாதிரி ஒரு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் சங்கமும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நீண்டு போனால் வெட்டிப் போடுங்கள், ஆனால் நடுவில் வரும் விபரங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்களுடையது பெரிய இடம் இல்லை. பனையோலை வேலை செய்யும் பெண்களிடம் பெட்டி, குட்டான், பாய், கூடை என்று வாங்கி விற்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம். கந்தோரில் ஆறு பேர், ஐந்து கணனி, ஒரு பிரிண்டர், ஒரு ரவுட்டர். 2012இல் எங்களிடம் லிகிதராக இருந்த தம்பி ஒருவர் தன்னுடைய கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்து ஒரு ஜிமெயில் கணக்குத் திறந்து தந்தார். நல்ல பிள்ளை, அவரில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், எங்களுக்கு வேறு வழி தெரியாத காலத்தில் கேட்ட உடனே செய்து தந்தார். கடவுச்சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினோம். ஆறு பேரும் அதே கடவுச்சொல்லால்தான் போய் வந்தோம். பிறகு தம்பி கனடா போய்விட்டார்.

போன வருசம் ஜூலையில் ரவுட்டரையும் பழைய கணனி ஒன்றையும் ஒரே கிழமையில் மாற்றினோம். அடுத்த நாள் காலையில் கணக்கைத் திறக்கப் போனால், இது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும், தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைத் தாருங்கள் என்று கூகிள் கேட்கிறது. தம்பிக்கு வட்ஸ்அப்பில் எடுத்தோம். இங்கே காலை பத்து மணி, ரொறன்ரோவில் நடுச்சாமம் பன்னிரண்டரை. நித்திரையால் எழும்பி வந்து, “அக்கா, அந்த சிம்மை நான் விட்டு அஞ்சு வருசமாச்சே” என்றார். சரி என்று அந்த எண்ணுக்கே எடுத்துப் பார்த்தோம். பாவிக்காமல் விட்ட எண்ணைத் தொலைபேசிக் கம்பனி வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தது. குருநாகலில் ஒரு ஐயா எடுத்தார். எங்கள் காசாளர் பிள்ளைக்குச் சிங்களம் நன்றாக வரும், அவர்தான் பணிவாகக் கதைத்தார்: மாத்தயா, உங்கள் போனுக்கு இப்போது ஆறு இலக்கம் ஒன்று வரும், அதை எங்களுக்குச் சொல்ல முடியுமா? அவர் போனை வைத்துவிட்டார். இரண்டாம் முறை எடுத்தபோது பொலிசுக்குச் சொல்லுவேன் என்றார். அவர் செய்ததுதான் சரி, அந்த மாதிரி வரும் இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றுதானே வங்கிகள் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. காசாளர் பிள்ளை போனை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தது.

கணக்கு மீட்கும் படிவத்தை எத்தனை தரம் நிரப்பினோம் என்று கணக்கில்லை. இலவசக் கணக்குக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் கிடையாது. கடைசியில் கைவிட்டோம். அந்தக் கணக்குக்குள் கொழும்பு வியாபாரிகளின் கட்டளைகள், வெளிநாட்டில் இருந்து உதவி செய்கிறவர்களின் கடிதங்கள் எல்லாம் இருந்தன, அவை போனதில் கவலைதான், ஆனால் எனக்கு நித்திரை வராமல் பண்ணியது வேறு: அங்கத்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், கடன் விண்ணப்பங்கள், வங்கிப் புத்தக முதல் பக்கங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. ஒரு அங்கத்தவர் வந்து, என் அட்டைப் பிரதி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் குருநாகல் எண்ணில் இருக்கிறது என்று நான் சொல்ல முடியுமா?

இதற்கு முன்பும் ஒருமுறை அடிபட்டிருந்தோம், அப்போதே கண் திறந்திருக்க வேண்டும். 2019இல் ஒரு கடைக்காரர் எங்களுக்கு வெப்சைற் செய்து தந்தபோது சங்கத்தின் பெயரில் ஒரு முகவரியும் தந்தார். அதைக் கணக்காளர் அறைக் கணனியில் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் போட்டுவிட்டுப் போனார். போட்டது பொப் முறையில். இது என்னவென்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பொப் என்பது தபால் கந்தோருக்குப் போய் இருக்கிற கடிதம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவது மாதிரி. ஒரு ஆளுக்கு ஒரு கணனி என்றிருந்த காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. பிரதியைச் சேர்வரில், அதாவது கடிதம் முதலில் வந்து சேரும் பொதுக் கணனியில், விட்டுவை என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் சரி போடாவிட்டால் முதலில் எடுத்த கணனியோடு கடிதமும் போய்விடும், மற்றவர்கள் திறந்தால் பெட்டி வெறுமை. ஐமேப் முறையில் கடிதம் சேர்வரிலேயே இருக்கும், ஐந்து கணனியில் இருந்தும் ஒரே பெட்டியைப் பார்க்கலாம், ஒருவர் வாசித்தால் வாசித்ததாக மற்றவருக்கும் தெரியும். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986இலேயே செய்து வைத்த ஏற்பாடு இது. முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிற ஒன்றை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வருசம் ஒரு கலியாணத்துக்குச் சின்ன ஓலைப் பெட்டி 350 வேண்டும் என்று சுவிசில் இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். நல்ல விலைக்குத்தான் கேட்டிருந்தார். கடிதம் கணக்காளரின் கணனிக்குள் இறங்கிவிட்டது, கணக்காளர் ஒன்பது நாள் லீவு. அவர் திரும்பி வந்து பார்க்கும்போது அந்த அம்மா வேறு இடத்தில் சொல்லி முடித்துவிட்டார். எங்களுக்குப் பெட்டி இழைத்துத் தரும் ஒரு அக்காவுக்கு அந்த மாதம் வேறு வேலை இல்லை, குருத்தோலை வாங்கிக் கிழித்துக் காயவைத்துவிட்டு, ஓடர் ஏதும் வந்ததா பிள்ளை என்று இரண்டு தரம் கந்தோருக்கு வந்து கேட்டுப் போனவர். இல்லை என்றுதான் நான் இரண்டு தரமும் சொன்னேன். கடிதம் பக்கத்து அறையில் கிடந்தது. பிறகு மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்து போய் வந்து ஒரு நாள் அந்தக் கணனியின் ஹார்ட் டிஸ்க்கும் போனது, அதோடு அந்த முகவரிக்கு அதுவரை வந்த கடிதம் எல்லாம் போயிற்று.

இனி இப்போது எப்படி வைத்திருக்கிறோம் என்று சொல்கிறேன். முதலில் முகவரியின் பின்பாதி, அதாவது டொமைன். டொட் எல்கே என்று முடியும் பெயர்களைத் தரும் எல்கே டொமைன் பதிவகத்தில் எடுக்கும் பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிய வேண்டும், பற்றுச்சீட்டும் சங்கத்தின் பெயருக்கு வர வேண்டும். எங்கள் பழைய பெயர் அந்த வெப்சைற் கடைக்காரரின் பெயரில் இருந்தது என்பதே அதை மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. கடையை மூடிவிட்டு அவர் எங்கேயோ போய்விட்டார், பெயரும் காலாவதியாகிவிட்டது. வேறு பெயர்தான் எடுத்தோம். தமிழில் எடுக்கலாமே என்று எங்கள் தலைவர் கேட்டார், எனக்கும் ஆசைதான், 2010இல் இருந்து டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் இருக்கின்றன. வெப்சைற்றுக்கு அது சரி. மின்னஞ்சலுக்குத்தான் பிரச்சினை, தமிழ் எழுத்து முகவரிக்கு 2012இலேயே விதிமுறை வந்தும், ஜிமெயில் 2014இல் இருந்து அதை ஏற்றும், இன்னும் எத்தனையோ படிவங்களும் சேர்வர்களும் அதைக் கண்டால் பிழையான முகவரி என்று திருப்பி அனுப்புகின்றன. வாடிக்கையாளரின் கடிதத்தை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது என்று இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே எடுத்தோம்.

பிறகு சேர்வரை எங்கே வைப்பது என்ற கேள்வி. கணனி படித்த ஒரு பெடியன், எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மகன், பழைய கணனி ஒன்றில் லினக்ஸ் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருள்கள் இரண்டையும் போட்டுக் கந்தோரிலேயே ஒன்று அமைத்துத் தந்தான். ஒரு சதம் செலவில்லை. கந்தோருக்குள் அனுப்பினால் கண் மூடித் திறக்க முதல் வந்து சேரும். எங்களுக்குச் சரியான சந்தோசம். வெளியே அனுப்பினால்தான் வினை, ஒன்றில் ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டிக்குள் போகும், இல்லாவிட்டால் திரும்பி வரும். காரணத்தை அந்தப் பெடியனே தேடிப் பிடித்தான். சாதாரண இணைய இணைப்பில் எங்களுக்குக் கிடைக்கும் ஐபி இலக்கம், அதாவது இணையத்தில் எங்கள் விலாசம், நிலையானது அல்ல, மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாதிரி இலக்கத்தில் இருந்து நேரே வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் எதுவும் நம்புவதில்லை. குப்பைக் கடிதங்களைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் போன்றவர்கள் அப்படியான இலக்கங்களைப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். பல இணைய நிறுவனங்கள் கடிதம் வெளியே போகும் 25ஆம் இலக்க வாசலையும் மூடித்தான் வைத்திருக்கும். கரண்டைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் கடிதம் உடனே தொலையாது, அனுப்பிய சேர்வர் நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த நாலு நாளும் நாங்கள் ஒன்றையும் பார்க்க முடியாதே. அதோடு இதைத் தினமும் பார்த்துப் புதுப்பிக்க ஒரு ஆள் வேண்டும், பெடியனுக்கும் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போகிற நேரம். மறுபடியும் ஒரு ஆளின் தலையிலே எல்லாவற்றையும் கட்டக்கூடாது என்று அதை விட்டோம்.

எடுத்தது மாதச் சந்தா வழி, அதாவது பெரிய நிறுவனம் ஒன்றின் சேர்வரில் எங்கள் பெட்டிகளை வைத்து அதற்குக் காசு கட்டுவது. கூகிள், மைக்ரோசொப்ற், தென்காசிப் பக்கம் கந்தோர் வைத்திருக்கும் சோஹோ, எல்லாரிடமும் இருக்கிறது. நாங்கள் மைக்ரோசொப்ற் 365 எடுத்தோம், ஒரே காரணம்தான்: ஆளுக்கு ஒரு சந்தா கட்டினால் போதும், எல்லாரும் சேர்ந்து பார்க்கும் பொதுப் பெட்டிக்கு 50 ஜிபி வரை தனிக் காசு கிடையாது. விற்பனைக்கு ஒரு பொதுப் பெட்டி, கணக்குக்கு ஒன்று, அங்கத்தவர் அலுவலுக்கு ஒன்று. பொதுப் பெட்டிக்கென்று கடவுச்சொல் இல்லை. அவரவர் தன் சொந்தக் கடவுச்சொல்லால் உள்ளே வருவார், அவருக்கு எந்தெந்தப் பெட்டி திறக்கும் என்பது முன்பே குறித்து வைத்திருக்கும். ஒருவர் வேலையை விட்டால் அவர் பெயரை மூடினால் சரி, பெட்டி அப்படியே இருக்கும். திரையில் ஒட்டியிருந்த துண்டுக் கடதாசியை நானே கிழித்தேன்.

சந்தா கூடவென்று குழுக் கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கேட்டார், கேட்டதில் பிழையில்லை, அங்கத்தவரின் காசு. ஒரு 350 பெட்டிக் கட்டளை தப்பிப் போனதன் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு அவரே தீர்மானத்தை வழிமொழிந்தார்.

டொமைன் எடுத்தவுடன் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் பெயரில் கடிதம் கொண்டுபோக யார் யாருக்கு அனுமதி என்று டொமைனின் பதிவில் அறிவித்தல் மாதிரி ஒன்று போட வேண்டும், அதுதான் எஸ்பிஎஃப். கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை வைக்கிற மாதிரி டிகேஐஎம். இரண்டும் பொருந்தாமல் எங்கள் பெயரில் ஒரு கடிதம் வந்தால் அதை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். பதிய வேண்டியதைச் சந்தா வாங்கும் இடத்தில் வரிக்கு வரி தருவார்கள், பார்த்துப் பதிந்தால் முடிந்தது, எங்களுக்கு ஒரு பின்னேரம் எடுத்தது. 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன: அனுப்புகிற எல்லாருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும். நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை, ஆனாலும் மூன்றையும் போட்டோம். எங்கள் பெயரில் பொய்க் கடிதம் எழுதி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்குக் காசு போடுங்கள் என்று வாடிக்கையாளரை ஏமாற்ற யாரும் நினைத்தால் அதற்கும் இது ஒரு தடை.

கருவியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன். முதல் கிழமையிலேயே ஒரே கடைக்கு நான் ஒரு விலையும் விற்பனைப் பிள்ளை ஒரு விலையும் எழுதிவிட்டோம், ஏனென்றால் இருவரும் அதே கடிதத்தைப் பார்த்தோம், மற்றவர் பதில் போடுகிறார் என்பது தெரியவில்லை. இப்போது காலையில் விற்பனைப் பிள்ளை வந்து பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நிறம் போடும், நீலம் என்றால் நான், பச்சை என்றால் கணக்காளர், நிறம் இல்லாத கடிதத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அலுவல் முடிந்தால் “முடிந்தது” என்ற கோப்புக்குள் தள்ளிவிட வேண்டும். முன்பு வந்த கடிதங்களைப் பதிவேட்டில் இலக்கம் போட்டு எழுதிய அதே வேலைதான் இது.

இன்னொன்று, இது எங்கள் ஊருக்கே உரிய கரைச்சல். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள். பாமினி இல்லாத கணனியிலோ போனிலோ அதைத் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கண்டபடி நிற்கும், கடிதத்தின் தலைப்பில் பாமினி அடித்தால் எவருக்குமே தமிழாகத் தெரியாது, பொதுப் பெட்டியில் “பெட்டி” என்று தேடினால் அந்தக் கடிதம் வரவும் வராது. பழகிய கைக்கு மாறுவது கஷ்டம் என்று தெரியும், எங்கள் கணக்காளர் இருபது வருசம் பாமினியில் அடித்தவர். எந்தக் கணனியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு இரண்டு கிழமையில் மாறினார், விசை அமைப்பைப் பாமினி மாதிரியே வைத்துக்கொண்டு யூனிகோட் அடிக்கலாம் என்பதுதான் அவருக்குக் கைகொடுத்தது. அப்புறம் ஸ்கான் பண்ணும் போது கலரில் அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்துவிட்டுப் போகுதில்லை என்று நிற்காதீர்கள். ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைக்க விடாது, இணைக்கும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், ஆகவே 18 எம்பிக்கு மேல் இருந்தாலே யோசியுங்கள். கறுப்பு வெள்ளையில் 200 புள்ளி போதும், முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்.

காசு கட்டிவிட்டோம், இனிப் பத்திரம் என்று இருக்கவும் கூடாது. 2023 ஆகஸ்ட்டில் அரசாங்கத்தின் சொந்த மேகச் சேவையையே (கிளவுட்) கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அரசாங்க டொமைனில் இருந்த ஏறக்குறைய 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்படப் பாதிக்கப்பட்டன, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்கும் பிரதி எடுத்து வைக்காததால் அந்தக் காலத்துக் கடிதங்கள் போய்விட்டன. காலம் கடந்த மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஓட்டியதும் காரணம் என்று சொன்னார்கள். கொழும்பில் அவர்களுக்கே அப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம். மாதத்தில் கடைசி வெள்ளி எங்கள் பெட்டிகளின் பிரதியை வெளி டிஸ்க்கில் எடுக்கிறோம். டிஸ்க் இரண்டு, ஒன்று கந்தோரில், மற்றது தலைவர் வீட்டில், மாதம் மாறி மாறி. நிர்வாகி உரிமை எனக்கும் பொருளாளருக்கும், ஒருவருக்கு ஒன்று நடந்தால் மற்றவர் திறக்கலாம். இருவரும் உள்ளே போகத் தேவையான விபரங்களை அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, தலைவர் குறுக்கே கையெழுத்துப் போட்டு, காணி உறுதி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். கூட்ட அறிக்கையிலும் எழுதியிருக்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு கடிதத்தைக் கிளாலிக் கடலேரியால் படகில் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு, பதில் வருமோ என்று வாரக்கணக்கில் பார்த்திருந்த ஊர் இது. என் தாயார் அப்படி வந்த கடிதங்களை ஒரு பிஸ்கட் ரின்னில் அடுக்கி வைத்திருந்தார், இன்றைக்கும் இருக்கிறது, எடுத்து வாசிக்கலாம். எங்கள் சங்கத்தின் பத்துப் பன்னிரண்டு வருசக் கடிதத்தை நான் வாசிக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு பேரிடம். சங்கங்களின் கணக்கை வருசா வருசம் பார்க்கும் கூட்டுறவுத் திணைக்களம், காசுப் பெட்டித் திறப்பு யாரிடம் என்று கேட்பது போல, மின்னஞ்சலும் டொமைனும் யார் பெயரில், மீட்பு எண் யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் ஒரு சங்கத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் மேலே சொன்ன வேலை எல்லாம் அந்த ஒரு நாளில் முடியும், அதைத் துறையினர் ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொள்ளலாம். சங்கக்காரர் யாராவது இதை வாசித்தால், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே உங்கள் கணக்குக்குள் போய் மீட்பு எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணுக்கு உங்கள் கையில் இருக்கும் போனால் எடுத்துப் பாருங்கள், யார் ஹலோ சொல்கிறார்கள் என்று.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.
(பெயரும் விலாசமும் ஆசிரியருக்குத் தரப்பட்டுள்ளன)